டோக்கியோவில் மாங்கா, சினிமாக் கலைஞர்களின் இடங்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: ஒரே ரயில் தடத்தில் முழுமையான வழிகாட்டி

மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளிலும் சினிமாவிலும் ஆர்வம் கொண்டு டோக்கியோவுக்கு வரும் நண்பர்கள் பலர் கைபேசியில் நீளமான பட்டியலோடு வந்து இறங்குகிறார்கள். அனிமேஷன் இயக்குநர் மியாசாகிக்குப் பிடித்த அருங்காட்சியகம், மாங்காக் கலைஞர் தெசுகா இருந்த வீடு, அனிமேஷன் இயக்குநர் ஷின்காய் வரைந்த படிக்கட்டு, சினிமா இயக்குநர் ஓசுவின் கல்லறை என்று முப்பது நாற்பது இடங்கள் இருக்கும். புகழ் வரிசைப்படி போகத் தொடங்கி, நகரத்தை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகக் கடந்து, நாளில் பாதியை ரயிலிலேயே கழிக்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் கதவில் ‘இன்று விடுமுறை’ என்று தொங்குகிறது.

இடங்களை வரிசைப்படுத்துவதற்கு முன் ரயில் தடத்தையும் கிழமையையும் முடிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கீழே உள்ளது நான்கு நாள் திட்டம். உங்களிடம் இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் 5, 6 ஆகிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பட்டியலைச் சலித்தெடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் ‘படைப்பாளிகளின் இடங்கள்’ மூன்று வகை. படைப்பாளி வாழ்ந்த, வேலை செய்த, அல்லது தனக்குப் பிடிக்கும் என்று அவரே சொன்ன இடம் முதல் வகை. படத்திலோ மாங்காவிலோ அடையாளம் தெரியும்படி வரையப்பட்ட இடம் இரண்டாவது. ‘அதே மாதிரி இருக்கிறதே’ என்று ரசிகர்களோ சுற்றுலாக்காரர்களோ கிளப்பிவிட்டது மூன்றாவது.

மூன்றாவது வகையை இரக்கமில்லாமல் நீக்குங்கள். தைவானில் உள்ள ஜியூஃபன் மலையூர்தான் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கு மூலம் என்று இன்றும் சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. படத்தை எடுத்த ஹயாவோ மியாசாகியோ அதை மறுத்துவிட்டார். அந்தப் படத்துக்கு உண்மையில் தொடர்புள்ள கட்டடங்கள் டோக்கியோவிலேயே, அவருடைய கிப்லி ஸ்டூடியோ இருக்கும் கொகானேய் பகுதியில் இருக்கின்றன. பட்டியலைச் சலிக்காமல் கிளம்பினால் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தொலைவில் இருப்பதைத் தேடி அலைவீர்கள்.

2. தடத்தை முடிவு செய்த பிறகு தங்குமிடம்

என் பரிந்துரை தோசாய் லைன், நீல வண்ண மெட்ரோ. கிழக்கே நிஷி கசாயிலிருந்து மேற்கே நகானோ வரை ஒரே நேர் ஓட்டம். வழியில் மொன்ஸென் நகாச்சோவில் ஓசு, தகதானோபாபாவில் தெசுகா, நகானோவில் பழைய மாங்காக் கடைகள். சில ரயில்கள் நகானோவோடு நிற்காமல் ஜேஆர் ரயில் நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஏறி, கிப்லி அருங்காட்சியகம் இருக்கும் மிதாகா வரையே போகும். டோக்கியோவில் இந்த விஷயத்துக்கு இதைவிட வாகான தடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நிஷி கசாயில் இந்தியர்கள் நிறையக் குடியிருக்கிறார்கள், தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சைவச் சாப்பாடும் மளிகையும் கிடைப்பதால், ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் அங்கேயே அறை எடுப்பது நல்லது. காலையில் வயிறு நிறைந்துவிட்டால் அன்றைய பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். காலை நெரிசலுக்குப் பேர்போன தடம் இது; 9 மணிக்கு மேல் ஏறுங்கள். மாலையில் திரும்பும்போது ‘விரைவு’ என்று போட்ட ரயிலில் ஏறாதீர்கள். அது தோயோச்சோ வரை எல்லா நிலையங்களிலும் நின்றுவிட்டு, அடுத்து நிஷி கசாயைத் தாண்டி உராயாசுவில்தான் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலோர் ஒரு முறையாவது உராயாசு வரை போய்த்தான் திரும்புகிறார்கள்.

3. கிழமைகளைப் பொருத்துங்கள், அப்புறம் டிக்கெட்

இளம் மாங்காக் கலைஞர்கள் வாழ்ந்த குடியிருப்பை நினைவூட்டும் தோக்கிவா-சோ அருங்காட்சியகம், கொகானேய் திறந்தவெளி அருங்காட்சியகம், ஷின்ஜுகு கியோயென் தோட்டம் மூன்றுக்கும் வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் அரசு விடுமுறையாக அமைந்தால் இவை அன்று திறந்து மறுநாள் மூடும். கிப்லி பெரும்பாலும் செவ்வாய் மூடியிருக்கும்.

ஆக, திங்கட்கிழமையை டோக்கியோவுக்கு வெளியே உள்ள கோயில் ஊரான காமாகுராவுக்கு ஒதுக்குங்கள். கோயில்களுக்கு வார விடுமுறை கிடையாது. கிப்லி நாளைப் புதன், வியாழன், வெள்ளியில் ஒன்றாக வையுங்கள். மற்றவை தாமாக அமைந்துவிடும்.

கிப்லிக்கு வாசலில் டிக்கெட் விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான டிக்கெட்டுகளை லாசன் நிறுவனத்தின் இணையதளத்தில் திறந்துவிடுவார்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அப்போது காலை 6:30, சிங்கப்பூரில் 9. பெரியவர்களுக்கு 1000 யென். நுழைவு நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விமான டிக்கெட் எடுத்துவிட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைத் தேடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பெயரை வைத்து அடையாளம் சரிபார்ப்பார்கள் என்பதால் வேறொருவர் பெயரில் இருக்கும் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கியும் பயனில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். நம் முன்னெழுத்து, தந்தை பெயர் குழப்பத்தை அந்தப் படிவத்தில் காட்ட வேண்டாம்.

4. கிளம்புவதற்கு முன் கையில் வேண்டியவை

படத்தை மறுபடி பாருங்கள், மாங்காவை மறுபடி புரட்டுங்கள். குறிப்பிட்ட காட்சிகளைக் கைபேசியில் படமாகச் சேமித்து, இடம்வாரியாக அடுக்கி வையுங்கள். இது இல்லாமல் போனால் பல இடங்கள் வெறும் தெருவாகவே தெரியும், ஏனென்றால் அவை வெறும் தெருக்கள்தான்.

வரைபடத்தில் தேடும்போது நாமாக எழுதும் பெயரை நம்பாதீர்கள். ஜப்பானிய எழுத்தில் உள்ள பெயரை அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வ பக்கத்திலிருந்து நகலெடுத்து, முன்கூட்டியே குறியிட்டு வையுங்கள். ஒரே பெயரில் நிறையக் கோயில்கள் இருக்கும் ஊர் இது.

முன்பணம் போட்டுப் பயணிக்கும் சுய்கா அல்லது பாஸ்மோ அட்டை ஒன்று போதும். மெட்ரோவின் 24 மணி நேர டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் அது நகானோவோடு முடிந்துவிடும். மிதாகாவுக்கான ஜேஆர் பகுதிக்கும், இடையில் வரும் ஓஎதோ, செய்பு ரயில்களுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் ரொக்கமும், குப்பைக்கு ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத்தொட்டியைப் பார்ப்பதே அரிது.

5. முதல் நாள்: மொன்ஸென் நகாச்சோவிலிருந்து நகானோ வரை

கிழக்கிலிருந்து மேற்காகப் போங்கள். கிழக்கில் உள்ளது சீக்கிரம் திறக்கும், மேற்கில் உள்ள நகானோ கடைகள் பல நண்பகலுக்குத்தான் திறக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மூடிய கதவுகளுக்கு முன் ஒரு மணி நேரம் போய்விடும்.

*ஓசுவின் ஃபுககாவா.* இயக்குநர் யசுஜிரோ ஓசு 1903 டிசம்பர் 12-ல் பிறந்தது மொன்ஸென் நகாச்சோ நிலையத்தைச் சுற்றியுள்ள இந்த வட்டாரத்தில். பிறந்த இடத்தில் ஒரு விவரப்பலகை மட்டுமே இருக்கிறது. 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் எரிந்த பகுதி இது, அவர் காலத்து வீடு எதையும் எதிர்பார்க்காதீர்கள். சற்றுத் தள்ளி ஃபுருஇஷிபா பண்பாட்டு மையத்தின் தரைத்தளத்தில் அவரைப் பற்றிய சிறு காட்சிக்கூடம் இருக்கிறது, இலவசம். முதலில் மையத்துக்குப் போய்விட்டு அப்புறம் தெருவில் நடங்கள். கேமராவைத் தரைக்கு அருகே தாழ்த்தி வைத்து எடுத்தவர் அவர். அந்த நினைவோடு நடந்தால், கால்வாய்ப் பாலத்தில் நின்று மேலே பார்ப்பதைவிடக் கரையோரம் உட்கார்ந்து பார்க்கவே தோன்றும். ஒரு மணி நேரம் போதும்.

*தகதானோபாபா.* இறங்கியதும் ஜேஆர் வசேதா வாசல் பக்கம் வாருங்கள். மெட்ரோவின் ஏதோ ஒரு வாசலில் ஏறி எதிர்த்திசையில் நடந்துவிட்டு ‘ஓவியமே இல்லையே’ என்று சொல்வோர் உண்டு. ரயில் பாலத்தின் அடியில், சாலையோரச் சுவரில் ஒசாமு தெசுகாவின் பாத்திரங்கள் நீளமாக வரையப்பட்டிருக்கின்றன. அவருடைய ரோபோச் சிறுவன் ஆஸ்ட்ரோ பாய் பிறந்தது 2003 ஏப்ரல் 7-ல், இதே தகதானோபாபாவில் என்பது கதை. பத்து நிமிடம் போதும். நின்று நின்று பார்க்காதீர்கள், நடைபாதை குறுகல்.

*தோக்கிவா-சோ.* இன்றைய நாளின் உயிர் இதுதான். இங்கிருந்து செய்பு ஷின்ஜுகு லைனில் இரண்டாவது நிலையமான நகாய். அங்கே ஓஎதோ லைனுக்கு மாறி அடுத்த நிலையமான ஒச்சியாய் மினாமி நாகாசாகி. தோசாய் லைனிலும் ‘ஒச்சியாய்’ என்று ஒரு நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள், அது வேறு. ஏ2 வாசலிலிருந்து சில நிமிட நடை.

தோக்கிவா-சோ என்பது 1952-ல் கட்டிய இரண்டு மாடி மர வாடகைக் குடியிருப்பு. தெசுகா 1953-ல் குடிவந்தார். மறு ஆண்டு காலி செய்தபோது, தன் அறையை ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற பெயரில் சேர்ந்து எழுதிய இரண்டு இளைஞர்களுக்குக் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த முன்பணத்தையும் அவர்களுக்காக அப்படியே விட்டுப் போனார். டோரேமான் பின்னாளில் அந்த இருவரில் ஒருவருடைய கையிலிருந்து வந்ததுதான். ஷோத்தாரோ இஷினோமோரி, ஃபுஜியோ அகட்சுகா ஆகிய மாங்காக் கலைஞர்களும் இங்கே வாடகைக்கு இருந்தார்கள். அசல் கட்டடத்தை 1982-ல் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது பக்கத்துப் பூங்காவில் 2020 ஜூலையில் திறந்த மறுஆக்கம்.

‘அசல் இல்லையா, அப்படியென்றால் எதற்கு’ என்று கேட்பவர்களை நேராக மாடிக்கு அழைத்துப் போவேன். மரப்படி கிறீச்சிடும். மேலே நாலரைப் பாய் விரிக்கும் அளவே உள்ள அறைகள், ஒருவர் கால் நீட்டிப் படுத்தால் மேசைக்கு இடம் இருக்காது. பொதுச் சமையலறையில் அந்தத் தொட்டியைப் பாருங்கள். குளிக்கும் இடம் இல்லாத கட்டடம், பொதுக் குளியலறைக்குப் போகக் காசில்லாத நாட்களில் இந்தத் தொட்டியில்தான் உடம்பைக் கழுவிக்கொண்டார்கள் என்பது அவர்களே சொல்லிச் சிரித்த கதை. அழுக்குப் படிந்த சுவரையும், அடுப்பையும், கழுவாத பாத்திரங்களையும்கூட அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கீழ்த்தளத்துக் கண்காட்சியைவிட இந்தச் சமையலறைதான் முக்கியம்.

அதனால் மாடியை முதலில் பாருங்கள், கீழ்த்தளம் பிறகு. எல்லோரும் கீழே தொடங்கிக் களைத்துப்போய் மாடியை ஐந்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். சிறப்புக் கண்காட்சி நடக்கும்போது கட்டணம் உண்டு.

வெளியே வந்தால் சிறிது தூரத்தில் மட்சுபா என்ற ராமென் நூடுல்ஸ் கடை. அந்த இளைஞர்கள் சாப்பிட்ட அதே கடை, இன்றும் நடக்கிறது. சைவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது, குழம்பே இறைச்சியில் வைத்ததுதான். வெளியில் நின்று பார்த்துவிட்டு, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உப்பிட்ட பிளம் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

*நகானோ.* வந்த வழியே தகதானோபாபா திரும்பி, தோசாய் லைனில் கடைசி நிலையம். நகானோ பிராட்வே 1966-ல் எழுந்த கட்டடம். பழைய மாங்கா விற்கும் மண்டராகே 1980-ல் சிறு கடையாகத் தொடங்கியது இங்கேதான். தோக்கிவா-சோவில் பார்த்த பெயர்களின் பழைய பதிப்புகளை இங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம். தெசுகா அறையைப் பார்க்காமல் இங்கே வந்தால் வெறும் பொம்மைக் கடைகளாகத்தான் தெரியும். இதுவும் இந்த வரிசைக்கு ஒரு காரணம்.

6. இரண்டாம் நாள்: கொகானேய், மிதாகா, கிச்சிஜோஜி

கிப்லி நுழைவு மதியம் 2 மணிக்கு அமைந்தால் சிறப்பு. காலையில் மிதாகாவைத் தாண்டி முசாஷி கொகானேய் போங்கள். அங்கிருந்து பேருந்தில் சில நிமிடங்களில் கொகானேய் பூங்கா. அதனுள் எதோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகம். காலை 9:30-க்குத் திறக்கும், பெரியவர்களுக்கு 400 யென். குளிர்காலத்தில் 4:30-க்கே மூடிவிடுவார்கள் என்பதால் இதை மாலைக்குத் தள்ளக் கூடாது.

இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளையும் கடைகளையும் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மியாசாகியின் ஸ்டூடியோ இதே ஊரில் இருப்பதால் அவர் வந்து வந்து போன இடம். அருங்காட்சியகத்தின் சின்னமான பச்சைப் புழுவை வரைந்தவரும் அவரே.

வாசலிலிருந்து நேராகக் கிழக்குப் பகுதிக்கு நடங்கள். தாகேய் சான்ஷோதோ என்ற எழுதுபொருள் கடைக்குள் சுவர் முழுக்க, தரையிலிருந்து உத்தரம் வரை, சின்னச் சின்ன மர இழுப்பறைகள், சுமார் 350. ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் கொதிகலன் அறையில் ஆறு கைத் தாத்தா மூலிகை எடுக்கும் சுவர் இங்கிருந்து வந்தது. சேமித்து வைத்த காட்சியை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தூரிகைகளை இந்த அறைகளில் வகைபிரித்து வைத்திருந்தார்கள். படத்தில் தூரிகைக்குப் பதில் மூலிகை. அதே தெருக்கோடியில் 1929-ல் கட்டிய கொதகாரா-யு குளியல்கூடம். கோயில் கோபுரத்து மிடுக்கோடு நிற்கும் அதன் முகப்பும் அதே படத்துக்கு உதவியதுதான். மேற்குப் பகுதியில் உள்ள வேளாண் வீடுகளை நேரமிருந்தால் பாருங்கள்.

12:30-க்குக் கிளம்பி மிதாகா. தெற்கு வாசலிலிருந்து தமகாவா கால்வாய் ஓரமாக மர நிழலில் 15, 20 நிமிட நடை. பேருந்தும் உண்டு, ஆனால் நடக்கச் சொல்வேன். வழியில் கடைகள் இல்லை, கூட்டம் இல்லை. கிப்லிக் கட்டடத்துக்குள் புகைப்படம் எடுக்கத் தடை. வெளியே, மொட்டைமாடியில் நிற்கும் ரோபோவை எடுக்கலாம். நுழைந்ததும் குறும்படம் எப்போது என்று கேட்டு அதை முடித்துவிடுங்கள். அந்தப் படங்களை வேறெங்கும் பார்க்க முடியாது, மாலையாக ஆக வரிசை நீளும்.

வெளியே வந்து இனோகாஷிரா பூங்கா வழியாகக் கிச்சிஜோஜி நிலையத்துக்கு நடந்தால் அன்றைய சுற்று முடிந்தது. திகில் மாங்காவுக்குப் பேர்போன கசுவோ உமெசுவின் சிவப்பு-வெள்ளைப் பட்டை வீடு இந்த ஊரில்தான். அந்த நிறம் பிடிக்காமல் அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். அவர் 2024-ல் காலமானார். சுற்றிலும் குடும்பங்கள் வாழும் அமைதியான தெரு அது. நான் யாரையும் அழைத்துப் போவதில்லை. இயக்குநர் கொரே-எடா இளமையில் வாழ்ந்து பின்னர் படமெடுத்த கியோசே அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இதையே சொல்வேன். படைப்பாளிக்குப் பிடித்த இடம் என்பதற்காக அங்கே துணி உலர்த்துகிறவர் நம் கேமராவில் விழ வேண்டியதில்லை.

7. மூன்றாம் நாள்: ஷின்காயின் அரை நாள் நடை

மகோத்தோ ஷின்காயின் இடங்களைக் காலையிலேயே முடியுங்கள். மஞ்சள் நிற சோபு லைனில் செந்தகாயா இறங்கி, 9 மணிக்கு ஷின்ஜுகு கியோயென் தோட்டம், 500 யென். 2013-ல் வந்த அவருடைய மழைப் படத்தின் பந்தல் ஜப்பானியத் தோட்டப் பகுதியில் இருக்கிறது. படத்தில் அந்தப் பெண் அங்கே உட்கார்ந்து பீர் குடிப்பார். நிஜத்தில் தோட்டத்துக்குள் மது கூடாது, பையைச் சோதிப்பதும் உண்டு.

மழை பெய்தால் திட்டத்தை மாற்றாதீர்கள், மழையில் பார்க்கத்தான் அந்த இடம். ஜூன், ஜூலை முதல் பாதியில் வருகிறவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு.

அங்கிருந்து ஷினானோமாச்சி நிலையத்து நடைமேம்பாலம், பிறகு சுகா கோயில் படிக்கட்டு. இரண்டும் ஷின்காயின் ‘யுவர் நேம்’ படத்தில் வருபவை. படிக்கட்டு குடியிருப்புத் தெருவில் இருக்கிறது, அங்கே வாழ்கிறவர்கள் தினமும் ஏறி இறங்கும் வழி. கீழே ஓரமாக நின்று, ஆள் வந்தால் விலகி, ஒரு படம் எடுத்துவிட்டு மேலே போய்க் கோயிலில் கும்பிடுங்கள். படத்துக்காகப் பத்துப் பேர் வரிசை கட்டி நின்று வழியை அடைப்பதுதான் இங்குள்ள தொல்லை.

8. திங்கட்கிழமை: காமாகுரா

டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா லைனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காமாகுராவில் இறங்காமல் ஒரு நிலையம் முன்பே, கிதா காமாகுராவில் இறங்குங்கள். எங்ககு-ஜி கோயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஓசுவின் கல்லறை அங்கேதான். பெயர் இல்லை, ‘இன்மை’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்து மட்டும். பிறந்த அதே டிசம்பர் 12-ல், 1963-ல் இறந்தார். யாராவது வைத்துவிட்டுப் போன சாக்கே (அரிசி மது) புட்டி பெரும்பாலும் இருக்கும். முதல் நாள் ஃபுககாவாவைப் பார்த்தவர்களுக்கு இது கூடுதலாகப் புரியும். கல்லறையோடு செல்ஃபி வேண்டாம்.

பிறகு காமாகுரா போய் எனோதென் ரயிலில் கொகுராகு-ஜி. அகிமி யோஷிதாவின் மாங்காவை வைத்து 2015-ல் கொரே-எடா எடுத்த படத்தில் வரும் சின்ன மர நிலையம் இது. மாங்காக்காரரும் சினிமாக்காரரும் ஒரே இடத்தைப் பார்த்த விதத்தை ஒப்பிட நல்ல இடம்.

இன்னும் சற்றுத் தள்ளி காமாகுரா கோகோ-மாய். கூடைப்பந்து பற்றிய ‘ஸ்லாம் டங்க்’ அனிமேஷன் தொடரின் தொடக்கப் பாடலில் வரும் ரயில்வே கேட். சாலை நடுவில் நிற்பவர்களை விரட்டவே காவலர் போட்டிருக்கிறார்கள். நிலைய நடைமேடையில் நின்றாலே முன்னால் கடல் விரிந்து கிடக்கும், நிழலும் உண்டு. கேட்டில் ஒரு ரயில் கடந்ததும் நடைமேடைக்கு வந்துவிடுங்கள்.

9. கிப்லி டிக்கெட் கிடைக்காவிட்டால்

இரண்டாம் நாளை ரத்து செய்ய வேண்டாம். கொகானேயில் மேற்குப் பகுதியையும் சேர்த்து மதியம் வரை நிதானமாகப் பாருங்கள், பிறகு இனோகாஷிரா பூங்கா. மாலையில் ஓஇசுமி ககுயென் நிலையம் போனால் வாசலருகே லேஜி மட்சுமோதோ, தெசுகா போன்ற மாங்காக் கலைஞர்களின் பாத்திரங்கள் வெண்கலச் சிலைகளாக நிற்கின்றன. டிக்கெட் வேண்டாம், மூடும் நேரமும் இல்லை. கிச்சிஜோஜியிலிருந்து அந்தப் பக்கம் பேருந்தே போகிறது; மாலையில் சாலை நெரிசலாக இருக்கும் என்பதால் 5 மணிக்கு முன் ஏறிவிடுங்கள்.